பிக்கப்புக்கும் இத்தாவா எண்டு கேட்ட பாஸ்

தம்பிராசா பாஸ் போயிட்டாராம்.

மட்டக்களப்பில மகள்ற வீட்டில, முந்தநாள். மகள் போட்ட போஸ்டக் கண்டுதான் எனக்கு இண்டைக்குத் தெரியும்... எல்லாம் முடிஞ்ச பிறகு.

உங்கள்ல கனபேருக்கு அவரத் தெரியாது. பாண்டிருப்பு ஆள், வாகனம் திருத்துற பாஸ். எங்கட பழைய நீலப் பிக்கப்ப எண்பதுகள்ல ஓட வெச்சது அவர்ர கைதான்.

அத வாங்கக்குள்ளயும் அவர்தான் பாத்தவரு. என்ட வீட்டுக்காரர் அம்பாறையில ஒரு கொந்தராத்துக்காரரிட்ட செகண்ட் ஹேண்டா விலை பேசிட்டு, பாஸையும் கூட்டிக்கிட்டுப் போனாரு.

பாஸ் பெயிண்டப் பாக்கல்லயாம். சைலன்சர உள்ளங்கையால பொத்திப் பிடிச்சாராம், ஒயில் குச்சிய இழுத்து மணந்து பாத்தாராம். "உடம்பு கிழவன் முதலாளி, நெஞ்சு இளந்தாரி. எடுங்க" எண்டாராம்.

மூணு வருஷம் நாவிதன்வெளி நெல் மூடை, சாய்ந்தமருது மீன் பெட்டி. அது கழிய என்ட வீட்டுக்காரர் மவுத்தாகிட்டாரு. எனக்கு முப்பது வயசும் இல்ல, கையில ரெண்டு பெண் பிள்ளைகள்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா. பிற ஆம்பிளைகள்ற கண்ணில படாம வீட்டுக்குள்ள... பேச்சும் மட்டோட.

அப்ப நான் செஞ்ச புத்தி, பிக்கப்ப ஸ்டார்ட் பண்ற திறப்ப அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டினதுதான். பங்கு பிரியாத மவுத்தாளிட சொத்து, இத்தா முடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு நினைச்சன். மார்க்கக் கிதாபில நானா வாசிச்சு விளங்கினது. பாதிதான் விளங்கியிருக்கு.

இவர்ர கூடப்பிறந்த மூத்த காக்காக்கும் அதில பங்கிருந்திச்சி. "அது கெடந்து துருப்பிடிக்கிற சாமான். இத்தா முடிய இரும்புக்குக் குடுத்திருவம்" எண்டு என்ட உம்மாட்டச் சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பிக்கப்ப விட்டா எங்களுக்கு வேற வருமானம் இல்ல.

ஒரு மாதம் கழிஞ்சிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பாஸ்ட சைக்கிள் மணி. முத்தத்தில உம்மா.

"அம்மா, வண்டி ஏன் ஒரே இடத்தில நிக்கிது? டயரும் இறங்கிட்டு."

"மகள் இத்தா தம்பி. திறப்பத் தாறா இல்ல."

"இத்தா பிள்ளைக்கா, பிக்கப்புக்கா?"

கதவுக்குப் பின்னால இருந்த நான் முந்தானையால வாயப் பொத்தினன். இவர் போன பிறகு எனக்கு வந்த முதல் சிரிப்பு... சிரிச்சதுக்கு அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேட்டு இஸ்திஃபாரும் செஞ்சன்.

உம்மா பள்ளிவாசல் லெவ்வையிட்டக் கேட்டுட்டு வந்தா. "பழுதாகாமப் பாக்கிறது பாவிக்கிறதில்ல. திறப்பக் குடுக்கச் சொல்லுங்க" எண்டாராம்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அசர் தொழுகைக்கு முந்தி பாஸ் வருவாரு. சைக்கிள் கெரியர்ல அவர்ர பெட்டரியக் கட்டிக்கிட்டு.

முதல் நாளே கதவடியில நிண்டு சொன்னாரு. "பிள்ள, சுத்தியல் சத்தத்தில எனக்கு வலக்காது மந்தம். நீங்க உள்ளுக்கு இருந்து கேட்டுச் சொல்லணும். வாயத் திறக்க வேணாம். சத்தம் நல்லமெண்டா கதவில ஒரு தட்டு, பிழையெண்டா ரெண்டு."

நான் சிரட்டை அகப்பையால தட்டுவன்.

அந்த நாலு மாதமும் வாற பொம்பிளைகள் அழுவாங்க, ஓதுவாங்க, போவாங்க. ஒருத்தரும் என்னிட்ட ஒண்டும் கேக்கிறதில்ல.

திங்கட்கிழமை மட்டும் ஒரு ஆள் என்ஜின ஓட விட்டுட்டு, என்ட பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு.

கொப்பியில எழுதி வெச்சிருக்கன். "திங்கள். அரை மணித்தியாலம். ஒரு தட்டு." "திங்கள். மழை. ரெண்டாம் தரம்தான் ஸ்டார்ட். ஒரு தட்டு."

ஒருநாள் ரெண்டு தட்டு. உள்ளுக்கு மணல் அரைபடுற மாதிரி ஒரு சன்னச் சத்தம்.

பொனட்டத் தூக்கினது கேட்டிச்சி. கொஞ்ச நேரத்தால பாஸ்ட குரல். "தண்ணிப் பம்ப் போகப் பாக்குது. நல்லகாலம் சொன்னீங்க பிள்ள, எனக்கு விளங்கவேயில்ல."

இத்தா முடிஞ்ச கிழமையே மச்சான், இவர்ர காக்காதான், ஒரு இரும்பு யாவாரியக் கூட்டிக்கிட்டு வந்தாரு. நான் திறப்ப நீட்டி, "ஒருக்காத் திருப்பிப் பாருங்க மச்சான்" எண்டன்.

ஒரே திருப்பு. முத்தத்துக் கோழியெல்லாம் பறந்திச்சி.

யாவாரி மச்சான்ட முகத்தப் பாத்தாரு. "மவுத்தான வண்டி எண்டீங்க... இது நம்ம ரெண்டு பேரையும் அடக்கிப் போட்டுத்தான் போகும் போல இரிக்கி."

மச்சான் என்ஜின நிப்பாட்டிட்டு இறங்கினாரு. பிறகு, "சரி... ஓடட்டும். என்ட பங்க ஹயர் காசில தாங்க" எண்டாரு.

டிரைவர் ஒருத்தர வெச்சி இன்னும் ஆறு வருஷம் ஓடிச்சி. பிள்ளைகள்ற சோறு, பள்ளிக்கூடம், பெருநாள் உடுப்பு, எல்லாம் அதில.

நடுவில கலவரத்தால ஊருக்கு ஊர் பாதை பூட்டின காலம் வந்திச்சி. பாஸ் குடும்பத்தோட மட்டக்களப்புக்குப் போயிட்டாரு. போறதச் சொல்ல அவருக்கும் ஏலல்ல, ஒரு நேரச் சோறு சமைச்சிக் குடுக்க எனக்கும் ஏலல்ல.

பிறகு வேற பாஸ்மார் வந்தாங்க. வருவாங்க, திருத்துவாங்க, போவாங்க.

போஸ்டில இருந்த நம்பருக்கு இண்டைக்குக் கோல் எடுத்தன். நீலப் பிக்கப் வீடு எண்டன். "ஓம் அன்ரி, அப்பா சொல்லியிருக்கார்" எண்டா மகள்.

"கடைசியில காது இன்னும் மோசமாப் போயிருக்குமே?" எண்டு கேட்டன்.

"காதா? இல்லையே அன்ரி. அப்பாக்கு ஒருநாளும் காதில குறை இருக்கல்ல. றோட்டால போற வாகனம் ஆருட எண்டு உள்ளுக்குப் படுத்திருந்தே சொல்லுவார்."

போன வெச்சன். பிள்ளைகள் ரெண்டு பேரும் கடல் கடந்து, அங்க இப்ப வேலை நேரம். வீட்டில சொல்ல ஆளில்ல... அதான் இஞ்ச எழுதுறன்.

அந்தக் கதவு இன்னும் இரிக்கி.

போயிட்டு வாங்க பாஸ்.

ஒரு தட்டு.