பதினேழு பேருக்கு ஒரே நம்பர்

எங்கள் சொந்தத்தில் பதினேழு பேருடைய ஆதாரில் என் செல்போன் நம்பர்தான் இருக்கிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நானே எழுதியது.

லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த வருடம்தான் எனக்கென்று ஒரு போன் வந்தது. அப்போது, கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில், எங்கள் வகையறாவில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனதே என் பெற்றோர் கூட்டத்துக்குத்தான். ஒருநாள் பெரியம்மா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, இதுல போன் நம்பர் கேக்கறாங்களாம்டி. எங்கிட்ட ஏது போனு?"

பத்துக் கட்டங்கள் இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. கட்டத்துக்கு ஒரு எண்ணாக, பரீட்சையில் எழுதுகிற அழகோடு என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "எங்க பாப்பா நம்பரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள் பெரியம்மா. அடுத்த வாரம் சித்தப்பா வந்தார். பிறகு அவருடைய மாமியார். கேஸ், ரேஷன், முதியோர் பென்ஷன், பட்டா என்று எல்லாவற்றிலும் என் நம்பர் ஏறியது. அது எனக்கு இன்னொரு பட்டம் வாங்கியது போல இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்திருந்தது கழுத்தைப் பிடிக்க ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகுதான்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஊசி, டியூப். ஒருவருடைய கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவித் தேடும்போதுதான் சரியாகப் போன் அடிக்கும்.

"பாப்பா, ரேஷன் கடையில நிக்கறேன். என் கைரேகை ஏறலியாம். ஓடிபி வந்துச்சா பாரு."

"சித்தப்பா, ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கினு இருக்கேன்."

"போடு, போடு. போட்டுட்டுச் சொல்லு. பின்னாடி இருபது பேரு நிக்கறான், கத்தறான்."

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் பயந்துபோய், "நீங்க பார்த்துச் சொல்லிடுங்க மேடம், நான் அவசரப்படல" என்பார். கையுறையோடு போனைத் திறந்து ஆறு எண்களைப் படிப்பேன். இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். பதினேழு பேருக்கு நான் அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் வளைகுடாவில் இருக்கும் அல் ஐனிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கே ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் விண்ணப்பித்திருந்தேன். கிடைக்காது என்ற தைரியத்தில் வீட்டில் சொல்லவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். கடிதம் வந்தபோது கையில் பத்து நாள் இருந்தது.

அன்றைக்கே அவளிடம் பேசினேன். லீவு நாள் என்பதால் அந்த ஊரின் மலைமேல் நின்றுகொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு மரம் கிடையாது. உரித்த தோல் மாதிரி வெறும் பாறை, அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் தார் ரோடு, கீழே கண்ணுக்கு எட்டுகிற வரை மணல்.

"மலை மேலயே காருல வந்துடலாம்டி. இங்க யாரும் மலையைச் சுத்த மாட்டாங்க. மேல வந்து டீ குடிச்சிட்டு எறங்கிடுவாங்க" என்றாள்.

"அங்க நிம்மதியா இருக்கியா?"

"நிம்மதியா! ரூமுல நாலு பேரு. வெய்யில்ல செருப்பு இளகிடும். ஆனா ஒண்ணு, எட்டு மணி நேரம் வேலை பார்த்தா என்னை எவளும் கூப்பிட மாட்டா."

அந்தக் கடைசி வரி இரண்டு நாள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கூப்பிடாத ஊர். கேட்டபோது ஆசையாக இருந்தது. தனியாக யோசித்தபோது பயமாக இருந்தது. எங்கள் வாசலில் நின்றாலும் மலை தெரியும், பஸ்ஸில் போனாலும் தெரியும், வேங்கிக்காலில் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டாலும் எதிரே நிற்கும். பிறந்ததிலிருந்து அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற பாதை அது. மதியச் சாப்பாட்டின்போது போனில் அல் ஐனின் வரைபடத்தை விரித்து அந்த மலை ரோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். மேலே போய் முடிந்துவிடும். எங்கேயும் திரும்பி வராது.

வீட்டில் சொன்னபோது அப்பா தட்டிலிருந்து கையை எடுக்காமல், "உன் இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று அர்த்தம். பெரியம்மா செய்தி கேட்டு ஓடி வந்தாள்.

"போறியா? போ. நல்லா இரு. அப்ப என் பென்ஷனுக்கு நம்பர் வந்தா யாரு சொல்லுவா? ஒட்டகமா சொல்லும்?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இப்போதுதான் எல்லோரிடமும் போன் இருக்கிறதே, அவரவர் நம்பருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். முதலில் பெரியம்மாவையே கூட்டிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி, மதியம் வரை உட்கார்ந்து, எங்கள் முறை வந்தபோது மெஷினில் அவள் ரேகை விழவில்லை. நாற்பது வருடம் கடலைச் செடி பிடுங்கிய விரல். துடைத்து வைத்தோம், எண்ணெய் தடவி வைத்தோம். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், இன்னொரு நாள் வாருங்கள் என்று. வெளியே வந்ததும் பெரியம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே, "என்னை இன்னாத்துக்கு உன் நம்பருலேர்ந்து எடுக்கற? நான் இன்னா பண்ணேன் உனக்கு?" என்றாள். ரேஷன் கார்டிலிருந்தே பெயரை வெட்டியது போலக் கேட்டாள். ஒருத்திக்கே ஒரு நாள் போய்விட்டது. இன்னும் பதினாறு பேர். எனக்குக் கிடைத்த ஒரு நாள் லீவும் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்.

போக முடியாது என்று அன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். கூடவே ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அதை அப்போது கவனிக்க மறுத்தேன்.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலை கோயிலுக்கு எதிரே அம்மா செருப்புக் கடை போடுகிறாள். விற்கிற கடை அல்ல. சாமி கும்பிட வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு தகர டோக்கன் கொடுக்கிற கடை. படிக்கும்போது தோழிகளிடம், "அம்மா பௌர்ணமிக்குக் கடை போடறாங்க" என்று சொல்லியிருக்கிறேன். என்ன கடை என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "பதினேழு பேரு நம்பர மாத்தறதுக்கு, நீ ஒருத்தி மாத்திக்கறது லேசு இல்லியா? உன் நம்பரை எனக்குக் குடுத்துட்டுப் போ. என் போனுல போடு."

"உனக்குப் படிக்கத் தெரியாதேம்மா."

"எழுத்துதான் தெரியாது. நம்பர் தெரியாதா? ஐந்நூறு ஜோடி செருப்பைப் பார்த்து எடுத்துக் குடுக்கறேன். ஒருத்தன் செருப்பு மாறிப் போயிருக்குதா இதுவரைக்கும்?"

நான் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த டோக்கன்களை நானே சிறுவயதில் நூலில் கோத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு எண்கள் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பதினேழு பேருக்கும் என் நம்பரை எழுதியபோது அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் வெச்சிப் பார்க்கலாம்" என்றேன். நான் கொண்டுவந்த சோதனை அது. அம்மா தடுமாறிவிடுவாள், நான் கெட்ட பெயர் இல்லாமல் இங்கேயே இருந்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் என் சிம்மை அவளுடைய பட்டன் போனில் போட்டேன். என் போனில் புது சிம்.

அன்று பரிசோதனைக் கூடத்தில் ஒரு போன்கூட வரவில்லை. எனக்கு முன்னால் நீட்டிய கைகளெல்லாம் அமைதியாக வந்து அமைதியாகப் போயின. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்தான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள். "மூணு பேருக்குச் சொல்லிட்டேன். ஒரு மெசேஜில நாலு நம்பரு ஒண்ணு இருக்குது, ஆறு நம்பரு ஒண்ணு இருக்குது. ஆறுதானே சொல்லணும்?"

"ஆமா."

"சித்தப்பாவுக்கு ரெண்டு தபா வந்துச்சு. முதல்ல வந்ததைச் சொன்னேன், செல்லலைன்னாரு. பின்னாடி வந்ததைச் சொன்னேன், செல்லுச்சு. டோக்கனைத் தொலைச்சவனுக்குப் புதுசு குடுத்தா பழசு செல்லாது இல்ல? அதே மாதிரிதான்."

சித்தப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமையும் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி நேரத்தில் சம்மதம் சொல்ல உட்கார்ந்தேன். வாசலில் அம்மா அடுத்த பௌர்ணமிக்காக டோக்கன்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நான் உள்ளே போனில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, கடைசியில் 'சம்மதம்' என்ற இடத்தை அழுத்தினேன். வெளியே அம்மாவின் போன் கீச்சென்றது. விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்தது பழைய நம்பர்.

"யாருக்கு இது? யாரும் போன் பண்ணலியே."

"எனக்குத்தாம்மா. படி."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்தாள். "நாலு. சைபர். ரெண்டு. ரெண்டு. ஒம்போது. ஏழு."

முதல் ஐந்து எண்களை அவள் சொன்னபடியே போட்டேன். ஏழுக்குப் பதில் ஒன்றைப் போட்டேன். விரல் தவறவில்லை. தெரிந்தேதான் போட்டேன்.

"தப்புன்னு வருதும்மா."

"ஏழுதான்டி. ஏழு எனக்குத் தெரியாதா?"

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார். "விடு பாப்பா. தெரியாதவகிட்டப் போய் கேட்டுக்கினு இருக்கற. செருப்பும் இதுவும் ஒண்ணா?"

எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற அம்மா, போனை இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு மடியில் வைத்துவிட்டு டோக்கனை எடுத்தாள். தேய்த்து முடித்துப் பளபளவென்று இருந்த ஒன்றையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும். நேரம் கடந்துவிட்டது என்று மாலையில் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குச் சந்தோஷம். பெரியம்மாவுக்குச் சந்தோஷம். என் நம்பர் என்னிடமே திரும்பி வந்திருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் பாப்பா வெளிநாடு போகவில்லை என்று தெருவே சொல்லும். அதை எல்லோரும் நம்புவார்கள். நாளடைவில் அம்மாவே நம்பிவிடுவாள்.

மலையும் மணலும் எனக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை. போக வேண்டும் என்று அந்த நிமிடம் தோன்றவும் இல்லை. அம்மாவின் விரல் அந்தத் தகரத்தின்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேறு வழியே இல்லாமல்தான் 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்தினேன்.

"அம்மா, புதுசு ஒண்ணு வரும். பழசு செல்லாது."

அம்மா போனை எடுத்தாள். இந்தத் தடவை எழுந்து நின்று, கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டு, பௌர்ணமிக் கூட்டத்தில் டோக்கன் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் போட்டுவிட்டேனா என்று பார்த்தாள். ஆறாவதைப் போட்டதும் திரையில் பச்சை டிக் விழுந்தது.

"செல்லுச்சா?"

"செல்லுச்சும்மா."

"நான் சொன்ன நம்பருதானே?"

"நீ சொன்னதுதான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "காதுல வுழுந்துச்சா?" என்றாள்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவின் கையில் இருந்த போன் அடித்தது. பெரியம்மாவின் குரல் எனக்கு உள்ளே வரை கேட்டது. கேஸுக்கு நம்பர் வந்ததா, வந்ததா என்று கேட்டாள்.

"இரு, இரு, அவசரப்படாத" என்றாள் அம்மா. "இப்ப வந்தது உனக்கில்ல. பாப்பாவுக்கு."