ஒற்றுமைக்கு ஒன்பது டிசைன்

மாரிச்செல்விக்கு ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். மகளாவது மருந்து நெடி படாத இடத்தில் உட்காரட்டும் என்று கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிசைன் செக்ஷனில் சேர்ந்து, முதலில் மத்தாப்புப் பெட்டிக்கு மயில் வரைந்தாள். பிறகு, மதுரையைத் தாண்டியிராத அவளிடம், ஆப்பிரிக்காவுக்கு எல்லை போடும் வேலை வந்து சேர்ந்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. அந்தக் கண்டத்தை முதலில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த ஐரோப்பியக் கனவான்களில் பலரும் அந்தப் பக்கம் போனதில்லை.

பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு நாடுகளிலிருந்து ஆர்டர். நடுவே ஓர் ஆறு, கரையில் ஒரு சிற்றூர். அது தன்னுடையது என்று இரண்டு நாடுகளும் சொல்லின.

"அண்ணாச்சி, எல்லைக் கோட்டை எங்கன போட?"

முதலாளி மணிகண்டராஜ் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அவுகளுக்கு அடிக்கயில அவுக ஊரு, இவுகளுக்கு அடிக்கயில இவுக ஊரு. நமக்கென்ன சண்டை?"

துப்பாக்கியால் தீராத வழக்கு அத்துடன் தீர்ந்தது.

அடுத்து, ஒன்பது நாடுகள் சேர்ந்த ஒரு கல்விச் சங்கம் 'ஒரே கண்டம், ஒரே குடும்பம்' என்று சுவரொட்டி கேட்டது. மாரிச்செல்வி அதை நம்பிவிட்டாள். கோடுகளையெல்லாம் அழித்து, ஆறு, மலை, ஊர்ப்பெயர் மட்டும் விட்டுப் புரூஃப் அனுப்பினாள். எதிலும் ஒத்துப்போகாத ஒன்பது பேரும் இதில் ஒரே குரலில் கேட்டார்கள்: "எங்கள் எல்லை எங்கே?"

"ஒத்துமைன்னா சும்மாவா? ஆளுக்கொரு டிசைன் போட்டுரு தாயி" என்றார் முதலாளி.

ஊர்ப்பெயர்களை வாட்ஸ்அப்பில் சரிபார்த்துத் தந்தவர் அந்த ஆற்றங்கரை ஊர் வாத்தியார். உங்கள் பள்ளிக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டாள்.

"பள்ளி இக்கரை, சந்தை அக்கரை, பிள்ளைகள் இரு கரையிலிருந்தும். எதை அனுப்பினாலும் பாதிப் பிள்ளைகள் அயல்நாட்டார் ஆகிவிடுவார்கள்" என்று பதில் வந்தது.

மாரிச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட தெரு இரண்டு பஞ்சாயத்துக்கு நடுவில் இருக்கிறது; குடிதண்ணீர்க் குழாய் கேட்டால் இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. வேண்டாமென்று ஒதுக்கிய அந்தக் கோடில்லாத புரூஃபையே சுருட்டி, முதலாளியிடம் சொல்லிவிட்டு, வாத்தியாரின் பள்ளிக்கு லோடோடு அனுப்பினாள்.

சில மாதம் கழித்து வாத்தியார் ஒரு போட்டோ அனுப்பினார். பிள்ளைகள் படம் முழுக்கச் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். தங்கள் ஊரிலிருந்து அண்ணன் லாரி ஓட்டும் துறைமுகத்துக்கு ஒன்று, அப்பா வேலை பார்க்கும் சுரங்கத்துக்கு ஒன்று, அக்காவைக் கட்டிக்கொடுத்த நகரத்துக்கு ஒன்று.

மாரிச்செல்வி வெகுநேரம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலாளியும் எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கே. இதையும் பத்தாவது டிசைனா வச்சுக்கிருவமா?"

"இதுக்கு எந்த நாட்டுக்காரக அண்ணாச்சி ஆர்டர் குடுப்பாக?"

மணிகண்டராஜ் ஆர்டர் நோட்டை எடுத்து, 'டிசைன் பத்து' என்று எழுதி, நாட்டின் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டார்.