கணவரைப் பின்தொடர்ந்த ஞாயிறு

லாரி ஓட்டும் என் கணவர் குடியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. திடீரென ஞாயிறுதோறும், "டவுனுக்கு ஒரு லோடு இருக்கு, போயிட்டு வாரேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார். வண்டியோ வாசலிலேயே நிற்கும். மறுபடியும் குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு, அவர் ஏறிய அதே பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கம் ஏறினேன். அருப்புக்கோட்டையில் இறங்கியவர், மதுக்கடை இருக்கும் சந்துக்குள் நுழைந்தார். சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று ஓடினேன். கடையில் அவர் இல்லை. சந்தின் கடைசியில், சர்ச் சுவரை ஒட்டிய அறையில் அவர் குரல் கேட்டது. கதவைத் தள்ளினேன்.

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்: "நேத்தும் கை நடுங்குச்சு. ஆனா குடிக்கல."

குடியை விட முயல்பவர்கள் வாரந்தோறும் கூடும் இடமாம் அது.

வெளியே வந்ததும், "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"விட்டுட்டேன்னு சொல்லி எத்தன தடவ ஒன்னய ஏமாத்திருக்கேன்? இதுவும் பாதியில போச்சுன்னா ஒம் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

ஞாயிறு மாலை அவர் திரும்பும்வரை இன்னமும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஆனால், உள்ளே வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். "சாப்பிடுறீகளா?" என்று மட்டும் கேட்கிறேன்.

- ஒரு வாசகி, எம்.ரெட்டியபட்டி