தாய்மாமன் மடி

முதலில் காணாமல் போனது பஸ் எண்ணின் நடு இலக்கம். ஊரை விட்டு வடக்கே வந்து நாங்கள் குடியிருந்த தாபோடியில், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடது கண்ணில் தூசி விழுந்து, அதைக் கையால் பொத்தியபடி வலது கண்ணால் பிம்ப்ரி பஸ்ஸைப் பார்த்தேன். பலகையில் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் தெரிந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. கையை எடுத்ததும் எண் முழுதாக வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. கண்தான் முதல். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

இதே நோயுள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். தன்னம்பிக்கைக் கட்டுரை தேடி வந்திருந்தால் வேறு பக்கம் போய்விடுங்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று ஆசையும் இல்லை.

கண் மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தாரு பீதே ஹோ?" என்றார். குடிப்பாயா என்று கேள்வி. இல்லை என்றேன். "சச் போலோ" என்றார், உண்மையைச் சொல்லச் சொல்லி. பக்கத்தில் இருந்த அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. அதே கேள்வி முன்பு அவள் தம்பியிடம் கேட்கப்பட்டபோதும் அவள் பக்கத்தில் இருந்தவள்.

அம்மாவின் தம்பி துரை மாமா. ராணுவப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். இருபத்து சொச்சம் வயதில் இரண்டு கண்ணும் மங்கிப்போயின. கள்ளச்சாராயம் குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று டாக்டர் சொன்னார், உறவுக்காரர்கள் சொன்னார்கள், தெருவே சொன்னது. அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். குடிகாரன் மடி வேண்டாம் என்று அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் வைத்தார்கள். மாமா வாசல் பக்கமே நின்றாராம். எனக்குக் கண் போவதற்கு முன்பே, அந்தப் பெயரோடே செத்துப்போனார்.

எனக்குப் பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கம்) என்று சொல்லி ஸ்டீராய்டு ஏற்றினார்கள். முகம்தான் வீங்கியது. சில மாதங்களில் இடது கண்ணும் போனது. முழு இருட்டு இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. ஓரங்கள் இருக்கும். ஒருவர் எதிரே வந்தால் தோளும் காதும் வரும், முகம் வராது.

அடுத்த பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு மேதை, அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். "நீங்கள் மதராசிகள் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்" என்று இந்தியில் சொல்லி, அதோடு விசாரணையை முடித்துக்கொண்டார். ஒடுங்கு மரபு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் குறை) என்று சீட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்துப் பட்டாணிச் செடிப் பாடத்துக்கு மேல் அவருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது. ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. மதராசி என்பதே போதுமான சோதனையாக இருந்தது.

அன்று முதல் அப்பா என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தன் கல்யாணத்தின்போது சொந்தத்தில்தான் பெண் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். பெண் வீட்டார் வந்து, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் கண் போனால் என்ன செய்வது என்று கேட்டு, நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனார்கள். வேலையும் போயிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பப்பாளி தின்னச் சொன்னார்கள்.

என் தங்கை மலருக்குக் கண் நன்றாக இருந்தது. அதனால் அவள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து வந்த மென்பொருள்காரர். சொந்தமில்லாத இடம், இனிப் பயமில்லை என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஓர் இளம் பெண் மருத்துவர், துரை மாமா கதையை முதன்முறையாக முழுதாகக் கேட்டார். என் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மலரும் எங்களோடு இருந்தாள். நிறைமாதம்.

"இது மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் சக்தி ஆக்கித் தரும் நுண்ணுறுப்பு) உள்ள குறை. அதற்குத் தனி மரபணுக்கள் உண்டு. அவை அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கும் இல்லை" என்றார்.

அப்பா, "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார். அவர் அழுவதை அன்றுதான் கேட்டேன்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "உங்கள் பிள்ளைகளுக்கு இது போகாது. ஆண் கடத்துவதில்லை." அப்புறம் மலரிடம், குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பீர்கள். வாங்கியவர்களில் சிலருக்குத்தான் பார்வை போகும். பையனுக்கு ஆபத்து கூடுதல், பெரும்பாலும் முப்பது வயதுக்குள். புகையும் மதுவும் அறவே கூடாது" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பிள்ளைக்குக் கொடுத்துவிடுவான் என்று விரட்டப்பட்ட நான் யாருக்கும் கொடுக்க முடியாதவன். மாலை போட்டு அழைத்துப்போன என் தங்கை கொடுத்தே தீர வேண்டியவள். போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து ஏதும் அன்றைக்கு இல்லை.

"எங்க அம்மாவும் தெரியாமதானடி குடுத்தா" என்று மட்டும் அம்மா மலரிடம் சொன்னாள்.

பையன் பிறந்தான். மலர் கணவனிடம் சொன்னாள். அவர் தன் அம்மாவிடம் சொல்லவில்லை.

காது குத்து அதே ஊரில், லோஹேகாவ் பகுதியில் இருந்த மாப்பிள்ளை வீட்டில். வெள்ளித் தட்டில் சீரோடு போனோம். சம்பந்தியம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு என் காதுபடவே பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. தம்பி பாவமுங்க. ஆனா நல்ல காரியமுங்களே, கண்ணு தெரியற மாமனா ஒருத்தர் மடியில வெச்சுக்கலாமுங்க. உங்க அக்கா பையன் வந்திருக்காருங்களே."

துரை மாமா வாசலில் நின்ற அதே இடம் எனக்குத் தயாராக இருந்தது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொன்னால் மலரின் வாழ்க்கைக்குள் கல்லெறிந்த மாதிரி ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணா, உக்காரு" என்றாள் மலர், உள்ளேயிருந்து வந்து.

"இல்ல கண்ணு, அத்த சொல்றேன்..." என்று சம்பந்தியம்மா தொடங்கினார்.

"அத்தே, அண்ணன் கண்ணுல இருக்கிறதுதான் எங்கிட்டயும் இருக்குது. உங்க பேரங்கிட்டயும் இருக்குது. நான் குடுத்தது. சாராயமும் இல்ல, பாவமும் இல்ல. அண்ணன் மடியிலதான் இவன வெப்பேன். இஷ்டம் இல்லன்னா காதே குத்த வேணாம்."

சம்பந்தியம்மா மகன் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளையை என் மடியில் வைத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் வீறிட்டான். சம்பந்தியம்மா வந்து சர்க்கரையை அவன் வாயில் வைத்தார். என்னோடு மட்டும் பேசவில்லை. இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை, நானும் பேசுவதில்லை.

குணமாகிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். ஓரத்தால் பார்க்கப் பழகிவிட்டேன், ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கிறேன், தனியாகப் பஸ் ஏறுகிறேன். என் கண்ணுக்கு வரவேண்டியது வந்தாயிற்று. ஆனால் என் நோய் அதோடு முடியவில்லை, மலரின் மகன் உடம்புக்குள் அவனோடு வளர்கிறது. விழிக்கலாம், விழிக்காமலே போகலாம். எனக்குக் காலண்டர் இப்போது அவன் வயதுதான். அவன் முப்பதைத் தாண்டும்வரை நான் நோயாளிதான்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பாதி தமிழ், பாதி இந்தி; 'எங்கே' என்பது அவன் வாயில் 'கிதர்'. முகத்தைத் திருப்பி அவன் காதுக் கடுக்கனை நான் பார்த்தால்தான் அவன் முகம் ஓரத்தில் வருகிறது. போன வாரம் மடியில் ஏறி உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினான். முகம் மறைந்துவிட்டது.

"மாமா, கிதர் பாக்குற?"

மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உன்னத்தான்டா."