அஞ்சலையக்கா சுற்றிய விஞ்ச்

இன்று லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் கையில் அடித்த கிரீஸ் வாசனையில், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றிய அஞ்சலையக்காவின் மாடு சுரங்கத்தோரப் பள்ளத்துச் சேற்றில் புதைந்த அந்த மழை மாலை திரும்பி வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஆண்களெல்லாம் கயிறு பிடித்து இழுத்தார்கள். அவர்கள் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் மாடு இன்னும் அமிழ்ந்தது. அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து கயிற்றைச் சுற்றி இழுக்கும் கைவிஞ்சைக் கொண்டுவந்து முந்திரி மரத்தில் கட்டி, மாட்டின் கயிற்றை அதில் மாட்டினார்.

"நானே சுத்தறேங்க" என்று அக்கா கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

டக், டக்கென்று பல்சக்கரம் பூட்டிக்கொண்டே போக, உருளையில் ஏறிய கயிற்றில் ஒரு விரற்கடையைக்கூட விஞ்ச் திருப்பிக் கொடுக்கவில்லை. உடம்பெல்லாம் கரிச்சேறாக மாடு மேலேறி நின்றதும், நிலத்தையெல்லாம் சுரங்கத்துக்குக் கொடுத்திருந்த அவள் உரக்கச் சிரித்தாள்.

"எங்க வூட்டுது குழிக்குள்ள போனதுல, இது ஒண்ணைத் திரும்ப இழுத்துக்கினேன், பாருங்க!"