சொந்த மெஷினில் கூலி

அச்சகக்காரர்கள் அவளைக் கத்திக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தாள்களைத் தட்டி அடுக்கி, ஒன்றரை டன் கட்டிங் மெஷினில் நுழைத்து, ஒரே வெட்டில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கண்ணாடியாக்கிவிடுவாள். மெஷின் அவள் வாங்கியது. அது நின்ற கொட்டகை கொழுந்தனுடையது. புருஷன் இறந்த மறுவருஷமே கொழுந்தன், "மெஷினும் என்னோடதுதான்" என்று ஆரம்பிக்க, வழக்கு, கோர்ட்டுக்கு வெளியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு நடுவரிடம் போனது.

நடுவர் தன் மகள் வீட்டில், வக்கீல்கள் அவரவர் அறையில், கத்திக்காரி அடுக்களை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. இப்படி வீடியோவிலேயே நான்கு அமர்வு. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு மெயிலில் வந்தது. கொழுந்தன் அசையவில்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கோர்ட்டில் மனுவை நீட்டினாள்.

எழுத்தர் பிரிண்டைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, கையெழுத்து மேல கேள்விக்குறி?"

"கம்ப்யூட்டர் கையெழுத்து சார். போன்ல பாத்தா பச்சை டிக் வரும்."

"போனையா ஃபைல்ல வச்சுத் தைக்கிறது? சரி, அது கெடக்கட்டும். விசாரணை எந்த ஊர்ல நடந்துச்சுன்னு தீர்ப்புல இல்லையே. ஊர் தெரிஞ்சாத்தான எந்தக் கோர்ட்டுன்னு சொல்ல முடியும்?"

"நான் எங்க அடுக்களையில இருந்தேன்."

"அப்ப அடுக்களையிலயே மனுவப் போடுங்க."

பக்கத்து மேஜை சிரித்தது. எழுத்தர் குரலைத் தணித்தார். "நடுவர்தான் ஊரைச் சேர்த்துத் திருத்தித் தரணும். கெடு முப்பது நாள். தீர்ப்பு வந்து இன்னிக்கு முப்பத்தேழு. கெடு தாண்டினதுக்குத் தனி மனு, ஆறு மாசம் ஆகும்மா."

கோர்ட் மனுவை ஏற்று எண் போடாதவரை மெஷினை விற்கத் தடையும் கிடையாது. வயிறு காத்திருக்குமா? வேறு மெஷின் அவள் கைக்குப் படியாது. கொழுந்தனிடமே, தன் மெஷினிலேயே, நாள்கூலிக்கு நின்றாள்.

"தீர்ப்புதான் வந்துருச்சே அண்ணி, இடுப்புல தூக்கி வச்சுட்டுப் போக வேண்டியதுதான?" என்பான் அவன், தினமும்.

ஒரு காலையில் மெஷினை வாங்க ஒருவர் வந்தார். "ஓட்டிக் காட்டுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். அவளை விட்டால் ஓட்ட ஆளில்லை. தாளைப் பின்னால் நிறுத்தும் சட்டத்தை, அவள் ஒரு பக்கம் மட்டும் மயிரிழை தள்ளிவிட்டு வெட்டினாள்.

வந்தவர் அடுக்கைக் கண்ணருகே பிடித்தார். "கோணலா விழுதே! கிழட்டு மெஷினை எந்தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்றவர் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு மூச்சு வந்தது. கொழுந்தன் நகரவில்லை. அச்சகத்துக்கு அன்றே போக வேண்டிய இருநூறு நோட்டுகள் மேஜையில் இருந்தன. அவற்றைத் தாடையால் காட்டினான்.

"இதை வெட்டுங்க அண்ணி. கோளாறு மெஷின்லயா, கையிலயான்னு பாத்துருவோம். நாளைக்கு இன்னும் ரெண்டு பேரு வர்றாங்க."

நேராக வெட்டினால் குட்டு உடையும். கோணலாக வெட்டினால் நோட்டும் கூலியும் போகும், அச்சகத்தில் இத்தனை வருஷம் எடுத்த பேரும் போகும். அவன் கதவோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கத்திக்காரி முதல் அடுக்கைத் தட்டிச் சீராக்கினாள். காலையில் தள்ளிவிட்ட சட்டத்தைத் தொடாமல், அப்படியே உள்ளே நுழைத்தாள்.