சத்தம் போடாத சில்லுகள்

கடைக்குள் நுழையும்போதே ஆர்லோ ப்ரெக்கி வலக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் டிசம்பர் மாதம் எல்லோர் கையும் பைக்குள்தான் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனாலும் அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்ல போக்கர் சீட்டு ஆடுவோம். பந்தயத்துக்கு வைக்கிற பழைய சில்லெல்லாம் தேஞ்சுபோச்சு," என்றார் கடைக்காரம்மாவிடம்.

சுத்தப் பொய். அந்தப் பிளாஸ்டிக் சில்லுகளுக்கு ஒரு கேடும் இல்லை. அவர் எடுத்தால் மட்டும் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

காலமெல்லாம் பனி அள்ளும் வண்டி ஓட்டிய கை அது. ஏரிக்காற்றில் ரோடே மறைந்துபோன நாளிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பிடித்ததுதான். கோடையில் நடுக்கம் வந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை ஆர்லோ எவரிடமும் சொல்லவில்லை. மனைவி போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது அந்த ஞாயிறு ஆட்டம் ஒன்றுதான். விஷயம் தெரிந்தால் கூட ஆடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், பாவம் என்று விட்டுக்கொடுப்பார்கள். அந்த நினைப்பே அவருக்கு நோயைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"இது உள்ள இரும்பு வச்சது. எல்லாரும் இதத்தான் கேப்பாங்க," என்று கடைக்காரம்மா இரண்டு சில்லுகளைத் தட்டினாள். ணங்கென்றது. ஆர்லோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேற?"

கடைசியில் ஓரம் சொரசொரத்த களிமண் சில்லுகள் வந்தன. இரண்டு அடுக்கை ஒரே கையால் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் காட்டினாள். மெத்தென்ற சத்தம், காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

"நீங்களும் கலக்கிப் பாருங்க."

கலக்கிப் பார்க்காமல் எந்த ஆட்டக்காரரும் சில்லு வாங்கமாட்டார். ஆர்லோ மாட்டேனென்று தலையசைத்தார். "இதயே கட்டுங்க." அவள் ஒருமாதிரி பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஞாயிறு மதியம் எல்லோரும் ஆர்லோ வீட்டுக் கீழ்த்தள அறையில் கூடினார்கள். பள்ளிக்கூடச் சமையலில் இருந்து ஓய்வுபெற்ற டோரீன், வழக்கம்போல உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பண்டத்தோடு வந்தாள். முடிதிருத்தும் ரஸ் புதுச் சில்லை முகர்ந்துகூடப் பார்த்தான்.

ஆர்லோ முதல் பந்தயம் வைத்தார். சில்லுகள் வாயே திறக்கவில்லை. ஆனால் ரஸ் கத்தினான்.

"ஐயையோ, கை நடுங்குதுடா இவனுக்கு! பெரிய சீட்டு. ஆள விடு சாமி!"

சத்தத்துக்கு வழி தேடிய மனுஷன் கண்களை மறந்துவிட்டார்! போக்கர் மேசையில் நடுங்கும் கைக்கு ஒரே அர்த்தம்தான். வெறுஞ்சீட்டை வைத்துக்கொண்டு புளுகுகிறவன் கை கல்லாக இருக்கும், நல்ல சீட்டு வந்தவன் கைதான் ஆடும். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகினார்கள், பந்தயம் அவருக்கே வந்தது. ஆர்லோவிடம் இருந்ததோ வெறும் குப்பை. அடுத்த ஆட்டமும் அப்படியே, அதற்கடுத்ததும். நிஜமாகவே நம்புகிறார்களா, இல்லை தெரிந்துகொண்டு இரக்கப்படுகிறார்களா? ஜெயிக்க ஜெயிக்க அவருக்கு வியர்த்தது.

மறுபடி பந்தயம் வைத்தார். ரஸ் விலகினான். டோரீன் விலகவில்லை.

"சீட்டக் காட்டு."

"யோசிச்சுக்கோ டோரீன்."

"யோவ், உன் கை ரெண்டு மாசமா காப்பிக் கப்பப் புடிச்சாலும்தான் நடுங்குது. காப்பியிலயுமா உனக்குப் பெரிய சீட்டு வருது? காட்டுய்யா!"

ஆர்லோ குப்பையைத் திருப்பிப் போட்டார். டோரீனிடம் ஒரு ஜோடி ஒன்பது. இரண்டு கையாலும் எல்லாச் சில்லுகளையும் வாரிக்கொண்டாள், ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

"டாக்டர்ட்ட போனியா?"

"போனேன்."

"சரி. சாப்பிடும்போது சொல்லு."

ரஸ் அப்போதுதான் விழித்துக்கொண்டான். "அடப்பாவி, அப்ப இவ்ளோ நேரம் ஒண்ணுமில்லாமதான் என்ன ஓட வச்சியா? திருட்டுப்பயலே!"

ஆர்லோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீட்டுப் போடும் முறை அவருடையது. ஒரு சீட்டு கைதவறித் திரும்பி விழுந்தது. யாராவது பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பக்கென்றது.

"சீட்டு தெரிஞ்சுபோச்சு," என்றாள் டோரீன். "எல்லாத்தையும் எடுத்துக் கலைச்சு மறுபடி போடு."

ஆர்லோ நடுங்கும் கையை ஒளிக்காமல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.